ஆளேறிய கலத்தின் எடை

நிலவில் சரக்குக்கலம் இறக்குவதற்கான உரிமம் ரீகனுக்குத் தபாலில் வந்தது. அதுவரை அவன் தூத்துக்குடியைத் தாண்டி மதுரை வரைக்கும்தான் போயிருந்தான். 'விண்ணோட்டி' விளையாட்டில் இரண்டாயிரம் முறை பிசகில்லாமல் தரையிறக்கியவர்களுக்கு விண்வழி வாரியம் மறுபேச்சில்லாமல் உரிமம் கொடுத்தது. தனியாகப் பயிற்சிக்கூடம் கட்டும் யோசனையை வாரியம் எப்போதோ கைவிட்டிருந்தது. விளையாட்டின் அடியில் ஓடும் ஈர்ப்புப்பொறி அவ்வளவு துல்லியம் என்று பெயர். பூமி, நிலவு, சூரியன் என்று ஒவ்வொன்றும் கலத்தை எவ்வளவு இழுக்கிறது என்பதை விநாடிக்கு ஆயிரம் முறை கணக்கிடும் நிரல் அது. நாற்பதாயிரம் பேர் அதை நம்பி உரிமம் வாங்கிவிட்டார்கள். அவர்களில் முதல் பன்னிரண்டு பேர் மூன்று வாரத்தில் கிளம்ப இருந்தார்கள். ரீகன் நான்காவது ஆள்.

ரீகனின் அக்கா விஜிலாவுக்கு அந்த விளையாட்டைச் செய்த நிறுவனத்திலேயே வேலை. ஈர்ப்புச் சரிபார்ப்பு. நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து ஆளில்லாத கலத்தை விளையாட்டின் நிலவில் விழவிட்டு நேரம் குறிக்க வேண்டும். ஏழு விநாடி வரவேண்டும். வரும். ஒன்பது வருடமாக வந்துகொண்டிருந்தது. கலத்தில் ஆள் இருந்தால் கைநடுக்கம் கணக்கில் கலந்துவிடும் என்பதால் சோதனைக்கலம் எப்போதும் வெறுங்கலம்தான். அந்த வழக்கத்தை யாரும் மீறியதில்லை. சரிபார்ப்பவர்கள் விளையாடுவதில்லை. விளையாடுபவர்கள் அளப்பதில்லை.

ஒரு நாள் மதியம் விஜிலா அலுவலகத்தில் விளையாடுபவர்களுக்காகப் போட்டிருந்த ஓட்டியின் இருக்கையில் உட்கார்ந்து தயிர்ச்சாதம் சாப்பிட்டாள். இடது கை விசைப்பிடியின் மேல் சும்மா கிடந்தது. அப்படியே ஒரு கலத்தை விழவிட்டாள். ஏழரை விநாடி.

கையை எடுத்தாள். ஏழு. வைத்தாள். ஏழரை.

சாதம் அப்படியே காய்ந்தது. சாயங்காலத்துக்குள் அறுபது முறை விழவிட்டுப் பார்த்துவிட்டாள். ஆள் கைவைத்தால், கடைசி நாற்பது மீட்டரில் நிலவு தன் இழுப்பில் எட்டில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்கிறது. பழைய நிரலைத் தோண்டியதில் காரணம் கிடைத்தது. புதிதாக விளையாட வருகிறவன் நாலு தடவை மோதினால் வெறுத்துப் போய்விடுவான் என்று ஆரம்ப காலத்தில் யாரோ சேர்த்த சலுகை அது. அப்புறம் எடுத்துவிடலாம் என்று ஒரு குறிப்பும் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சோதித்தது வெறுங்கலத்தை மட்டும் அல்லவா.

நிர்வாகி ஆவுடையப்பனிடம் போனாள். அவர் முழுவதையும் கேட்டார். கதவைச் சாத்தினார்.

"இத வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல சார். என் தம்பி போறான். நெச நெலாவுல இந்தச் சலுக கெடையாது."

"தெரியும். ஒரு வாரம் பொறுங்க. நான் வாரியத்துல பேசுதேன்."

ஒரு வாரத்தில் அவரே கூப்பிட்டார். "சரி பண்ணியாச்சு விஜிலா. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. இருக்கைக்குப் போய்க் கையை வைத்துக் கலத்தை விழவிட்டாள். ஏழரை விநாடி. ஒரு புள்ளி மாறவில்லை. இவ்வளவு கூசாமல் பொய் சொல்ல முடியுமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். முடியும் என்று தோன்றியது.

அன்றே சலுகையை நீக்கிய ஒரு பிரதியைத் திருட்டுத்தனமாக எடுத்துவந்து ரீகன் முன்னால் வைத்தாள்.

முதல் பத்தில் ஒன்பது முறை மோதினான்.

"என்னக்கா இது, கல்லக் கட்டிவிட்ட மாதிரி விழுவுது. உன் நெலா போலி."

"நீ இதுவரைக்கும் ஆடுனதுதாம்ல போலி."

"நாப்பதாயிரம் பேரும் முட்டாளு. நீ மட்டும் கண்டுபிடிச்சிட்ட."

"ஆமா. பேசாம எறக்கு."

பன்னிரண்டு நாள் விடாமல் ஓட்ட வைத்தாள். நிலவு எவ்வளவு கனம் என்பது அவன் கையில் ஊறியது. கிளம்பும்போது கண்ணை மூடிக்கொண்டும் இறக்குவான் என்ற நிலைக்கு வந்துவிட்டான். "யாரு என்ன சொன்னாலும் நம்பாத. என்சின் சந்தேகமா இருந்தா ஒடனே அணச்சிரு," என்று சொல்லி அனுப்பினாள்.

தரையிறங்கும் நாள் அலுவலகத்தின் பெரிய திரையில் எல்லோரும் பார்த்தார்கள். தனக்கு மட்டும்தான் நடக்கப்போவது தெரியும் என்று விஜிலா நினைத்துக்கொண்டிருந்தாள். முதல் கலம் மோதியிருக்க வேண்டும். பூவை வைத்தாற்போல் உட்கார்ந்தது. கைதட்டினார்கள். அதிர்ஷ்டம் என்று நினைத்தாள். இரண்டாவதும் அப்படியே உட்கார்ந்தது. மூன்றாவது கலத்தின் அடிவயிற்றில், பிரதான என்சினைச் சுற்றி, வரைபடத்தில் இல்லாத நாலு சின்ன ஊதுகுழல்கள் புகைந்ததை அவள் கண்டாள். நாற்பதாவது மீட்டரில்தான் அவை உயிர்பெற்றன.

ஆவுடையப்பனைச் சட்டைக்கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"என்ன சரி பண்ணுனீங்க?"

"மெதுவா பேசுங்க."

"எத சரி பண்ணுனீங்க சார்?"

"கலத்த. வேற என்ன செய்ய? நாப்பதாயிரம் பேர் உரிமத்த ரத்து பண்ண முடியுமா? ஒவ்வொருத்தனும் கோர்ட்டுக்குப் போவான். அதான் வெளையாட்டு எவ்வளவு கொறைக்குதோ அவ்வளவ அடியில இருந்து தூக்கிக் குடுக்க ஏற்பாடு. ஓட்டுறவங்களுக்கே தெரியாது. நான்தான் சரி பண்ணியாச்சுன்னு சொன்னேம்லா?"

"நான் நம்பல," என்றாள். "அவனுக்கு நெசக் கனத்த பழக்கிட்டேன்."

ரீகனின் கலத்து ஊதுகுழல்களை அணைக்கச் சொல்ல அவர் வாரியத்தின் தனித்தொடர்புக்கு அழைத்தார். அந்தப் பக்கம் பெயர், பதவி, ரகசியச் சொல் என்று வரிசையாகக் கேட்டார்கள். ரகசியச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே கைதட்டல் வரவில்லை.

ரீகன் நிலவின் முழுக் கனத்துக்கு என்சினைத் திறந்திருந்தான். அடியிலிருந்து எட்டில் ஒரு பங்கு யாரோ தாங்கினார்கள். கலம் பதினெட்டு மீட்டரில் நின்றது. பிறகு மேலே ஏறப் பார்த்தது. மற்ற ஓட்டி யாராக இருந்தாலும் திகைத்துப்போய் விசையைக் குறைத்திருப்பான். ரீகன் திகைக்கவில்லை. என்சின் சிக்கிக்கொண்டு தன்னால் எரிகிறது என்று சந்தேகப்பட்டான். அக்கா சொன்னபடி உடனே அணைத்தான்.

கலத்தின் இரண்டு கால்கள் முறிந்தன. ரீகனுக்குத் தோளெலும்பும் மூன்று விலாவும்.

நிலவு மருத்துவக்கூடத்திலிருந்து நாலாம் நாள் பேசினான். ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில், குரல் நிலவுக்குப் போய்த் திரும்பும் இரண்டரை விநாடி இடைவெளி.

"நீ சொல்லித் தராம இருந்திருந்தா நல்லா எறங்கிருப்பேன்," என்றான்.

 

விசாரணை அறிக்கை அடுத்த வாரம் வந்தது. கலத்தில் குறையில்லை, விளையாட்டில் குறையில்லை. ஓட்டி, உரிமம் பெற்றபின் அங்கீகாரமற்ற ஈர்ப்பில் பழகியதே விபத்துக்குக் காரணம். அந்தப் பிரதி வைத்திருப்பது இனி குற்றம். ஓட்டி மறுபடி கலம் ஏற வேண்டுமானால், நிறுவனத்தின் விளையாட்டில் இருநூறு மணிநேரம் ஓட்டி, உண்மையான ஈர்ப்புக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

விஜிலா அதை இரண்டு முறை படித்தாள். கீழே ரீகனின் செய்தி வந்திருந்தது. வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது கையால் தட்டியிருப்பான் போல, ஐந்தே சொல்.

'பழைய வெளையாட்ட அனுப்பு. உன்னோடத அழிச்சிரு.'

அனுப்பினாள். அழித்தாள்.