சம்மதம் கேட்காத வீடு

காலையில் குழாயைத் திறக்க வேண்டுமானால், அந்த நாட்களில் முதலில் வாயைத் திறக்க வேண்டும். "புதிய நிபந்தனைகளுக்குச் சம்மதமா?" என்று வீடு கேட்கும். "சம்மதம்" என்றதும் தண்ணீர் வரும். அடுப்புக்கு ஒரு சம்மதம், கதவுக்கு ஒன்று. வாயில் பற்பசை நுரையோடுகூடச் சொல்லிவிடுவோம். வீட்டை இயக்கும் கம்பெனியின் நிபந்தனைகளை யாரும் படித்ததில்லை.

என் கணவர் செல்வின் இறந்த பதினோராம் நாள், வீடு அவர் குரலில் பேசத் தொடங்கியது.

"ஏட்டி பெனிட்டா, முட்டு வலிக்குன்னியே, இந்தத் தைலத்தப் போட்டுப் பாரு."

அதே கரகரப்பு. "ஏட்டி"க்குப் பிறகு அதே சிறு இருமல். சுவரில் கன்னத்தை வைத்து அழுதேன். அடுத்த வாரம் அது கேட்டது: "கல்லறையில எம் பக்கத்து இடம் சும்மாதான் கெடக்கு. உனக்குப் பதிஞ்சிருவமா? இன்னைக்கு மட்டும் தள்ளுபடி."

ஓடிப்போய் வாந்தியெடுத்தேன்.

செல்வினின் தங்கை ரெஜினா ஒரு பென்டிரைவோடு வந்தாள். "வீட்ட ஓட்டுறதுக்குத் திறமூல இயங்குதளம், மைனி. உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணும்னாலும் படிக்கலாம். கம்பெனிக்காரன் தொல்லை ஒழிஞ்சுது."

"அவுக குரலு?"

"போயிரும். அது கம்பெனி சொத்தாம்." சுவரை முறைத்தாள். "உயிரோட இருக்கும்போது ஒரு சோப்பு வாங்கிட்டு வரத் துப்பில்ல. இப்ப தைலம் விக்கான், எங்கண்ணன்!"

இருவரும் சிரித்துவிட்டோம். சுவரும் அவர் குரலில் சேர்ந்து சிரித்தது.

"போடு, ரெஜினா" என்றேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அழகு என்று எதுவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் குரல் அடங்கியது. பழைய தளம் பூட்டி வைத்திருந்த சம்மதப் பதிவேட்டைப் புதியது அப்படியே விரித்துக் காட்டியது. படித்துக்கொண்டே வந்த ரெஜினா சட்டென்று திரையைக் கையால் மறைத்தாள்.

"வேண்டாம் மைனி."

கையை விலக்கிப் படித்தேன். 'இறந்தவரின் குரல் உரிமை மாற்றம். சம்மதித்தவர்: பெனிட்டா. இடம்: வாசற்கதவு.' தேதி, அடக்கத்தன்று.

நினைவு வந்தது. நான்கு பேர் பெட்டியைத் தோளில் சுமந்து நின்றார்கள். கதவு ஏதோ கேட்டது. அழுகையை நிறுத்தாமலே சொல்லியிருக்கிறேன்.

"கதவு தெறக்கணும்லா, மைனி. நீங்க என்ன செய்வீக?"

கம்பெனி மேல் இருந்த அருவருப்பெல்லாம் என் நாக்குக்கு வந்து சேர்ந்தது. வாய் கொப்பளிக்கக் குழாயடிக்குப் போனேன். திருகியதும் தண்ணீர் கொட்டியது. வீடு எதுவும் கேட்கவில்லை.

"சம்மதம்" என்றது என் வாய்.