ஈரச் சட்டைக்குள்

நகங்களை ஒட்ட வெட்டிய பிறகும் முதுகில் புதிய கீறல்கள். மூன்று கோடுகள், தோள்பட்டைகளுக்கு நடுவே, நோர்மாலாவின் கை எட்டாத இடத்தில்.

"தூக்கத்துல சொறிஞ்சிருப்பே," என்றான் அவள் கணவன் ஷுக்ரி.

"கை எட்டாதே, அபாங்."

"அரிப்பு வந்தா எட்டாத கையும் எட்டும்."

மலேசியாவின் மூவார் ஆற்றோரச் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவியதால் விரலிடுக்கில் தொடங்கிய கரப்பான் நோய், ஆறு மாதத்தில் முதுகெல்லாம் படர்ந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னபடிதான் எல்லாம் நடந்தது: சுடுநீர் கூடாது, குளித்த ஈரம் காயுமுன் களிம்பு, அதன்மேல் ஈரப் பருத்திச் சட்டை, அதற்கும் மேல் உலர்ந்த சட்டை. அரித்தால் சொறியாமல் உள்ளங்கையால் தட்ட வேண்டும். அப்படியும் அவள் சரியாகத் தூங்கிப் பதினொரு நாள் ஆயிற்று.

மதியம் களிம்பு தீர்ந்துபோனது. "வாங்கிட்டு வந்துடறேன். சொறிஞ்சே, பாரு!" என்று மிரட்டிவிட்டு, ஷுக்ரி கம்பிக்கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான்.

அவள் பாயில் குப்புறப் படுத்தாள். தகரக் கூரையில் மழை இரைந்தது; மூன்று மணிக்கே அறை இருண்டு, களிம்பின் நெடியும் நனைந்த பருத்தியின் வாடையும் மூச்சோடு உள்ளே போக, தோலுக்கடியில் ஆயிரம் எறும்புகள் ஊர்வதுபோல் அரிப்பு கிளம்ப, அவள் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது, முதுகில் ஓர் உள்ளங்கை மெல்லத் தட்டியது.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

தட்டல் மட்டும்.

"கொஞ்சம் சொறிஞ்சுதான் விடுங்களேன். டாக்டரம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

கை நின்றது. பிறகு நகங்கள் இறங்கின. சுகத்தில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"இன்னும் கீழே..."

கீழே போயின.

தலைமாட்டில் கைப்பேசி ஒலித்தது. பாராமல் எடுத்தாள்.

"நோர், செம மழை. மருந்துக்கடை வாசல்லயே நிக்கிறேன். சொறியாம இருக்கியா?"

அவள் மூச்சு விடவில்லை.

நகங்கள் நிற்கவில்லை.

மெதுவாகக் கழுத்தைத் திருப்பினாள். அலமாரிக் கண்ணாடி. பாய். அவள். வேறு யாருமில்லை.

உலர்ந்த சட்டை புடைத்திருந்தது. ஐந்து புடைப்புகள். துணிக்கு அடியில். ஈரச் சட்டைக்கும் அடியில்.

மேலே நகர்ந்தன.

"நோர்? கேக்குதா? நோர்!"

கழுத்துப் பட்டி விரிந்தது. அதன் ஓரத்தில், முதல் நகம் வெளியே வந்தது.