எழும்பாமல் கிடந்தவன்

நசுங்கியவர்கள் எல்லோரும் எழுந்து ஓடிய பிறகும் ஒருவன் மட்டும் சாலையிலேயே கிடந்தான்.

விமலாதேவி சுருளை நிறுத்தி, விளக்கு மேசைமேல் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். 1934இல் வந்த ஏழு நிமிடக் கார்ட்டூன். ரோட் ரோலர் ஏறி அப்பளமாகிப் போன பூனையும் போலீஸ்காரனும் உடம்பை உதறிக்கொண்டு ஓடிவிட்டார்கள். பின்னால் வரைந்திருந்த சாலையின் கோடியில், எறும்பளவில், அவன்.

சிட்னியில் அந்தப் படக் கிடங்கில் அவள் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். எப்போதோ மூடிப்போன ஓர் அமெரிக்க ஸ்டூடியோ, தியேட்டர்களில் பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்காக இருபது வருடம் எடுத்துத் தள்ளிய குட்டிப் படங்களை டெலிவிஷன்காரர்கள் வாங்கியிருந்தார்கள். வருட வரிசையில் பார்த்து, கிழிசலை ஒட்டிக் கொடுக்க வேண்டும். பழைய பிலிமிலிருந்து வினாகிரியின் புளித்த வாடை எழும்பிக்கொண்டே இருக்கும். தலை வலிக்கிறது என்று மற்றவர்கள் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். அவளை அது ஒன்றும் செய்யவில்லை. போன வருடம், 1975இல், கணவர் வரதராஜா பரமட்டா வீதியில் லொறிக்குக் கீழே போன நாளிலிருந்து எதுவுமே அவளை ஒன்றும் செய்வதில்லை. சவப்பெட்டியை மூடியே கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்றார்கள். அவள் அழவில்லை.

1939இல் படங்களுக்கு நிறம் வந்திருந்தது. வேறு கதை, வேறு தெரு. அங்கேயும் அவன் கிடந்தான். இப்போது சுண்டுவிரல் அளவில்.

“அண்ணை, இதில ஒருத்தர் கிடக்கிறார். உங்களுக்குத் தெரியுதோ?”

பக்கத்து மேசைக் கோபாலகிருஷ்ணன் மதுரைக்காரர். எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

“வெறும் ரோடுதானேம்மா இருக்கு. ரெண்டு நாள் லீவு போடுங்களேன்.”

“ஓம்,” என்றாள். போடவில்லை. அடுத்த சுருளை எடுத்தாள்.

1945இல் அவன் தலையைத் தூக்கியிருந்தான். 1949இல் முழங்கையை ஊன்றியிருந்தான். பூனை விரலை வாயில் வைத்து ஊதிப் பழையபடி உப்பிக்கொண்டது. அவன் உப்பவில்லை. பக்கவாட்டில் வெறும் கோடாகத்தான் தெரிந்தான்.

1952. நின்றான். மண்ணிறச் சட்டை. லொறி ஏறிய அன்று காலை அவளே ஸ்திரி போட்டுக் கொடுத்தது.

சுருளைக் கழற்றினாள். விரல்கள் அவளுடையவை போல் இல்லை.

கடைசிச் சுருள், 1954. சாலை காலி. ஏழு நிமிடமும் காலி. திருப்பி ஓட்டினாள். காலி.

கோபாலகிருஷ்ணன் சாப்பிடப் போயிருந்தார். ஜன்னலில் பட்டப்பகல் வெயில். மூடியிருந்த கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில், ஒரு சத்தம். ஈரக் கடதாசியைத் தரையில் இழுப்பதுபோல.

நெருங்கியது.

நின்றது.

கதவுக்கும் தரைக்கும் நடுவே நகம் நுழையாத இடுக்கு. அதன் வழியே ஐந்து விரல்கள் உள்ளே வந்தன. புத்தகத்துள் வைத்த இலைபோல, தடிப்பே இல்லாமல். பிறகு மணிக்கூடு கட்டிய கை. அதுவும் தட்டையாக.

“விமலா,” தரையோடு தரையாய்க் குரல் வந்தது. “வந்திட்டன்.”

அவள் எழுந்தாள். கதவோரம் அடுக்கியிருந்த பிலிம் பெட்டிகளை, ஒவ்வொன்றாக, சுவர்ப்பக்கம் தள்ளிவைத்தாள். வழிவிட்டு நின்றாள்.

கன்னம் வந்தது. பிறகு, மேலே திரும்பியபடி, ஒரு கண்.