கழுவி வைத்த வால்வு

காலை ஒன்பதே காலுக்கு ஆய்வு அறையின் அலமாரியைத் திறந்தால், ஜாடியைக் காணோம்.

அதற்குள் இருந்தது ஒரு செயற்கை இதய வால்வு. கதவு மாதிரி திறந்து மூடும் இரண்டு கறுப்பு இதழ்கள், அவற்றைச் சுற்றித் தையல் போட ஒரு துணி வளையம். சோதனை முறையில் ஒரு தபால்காரரின் நெஞ்சுக்குள் அதை வைத்திருந்தார்கள். மூன்றே மாதத்தில் மனிதர் மாடிப்படியில் சுருண்டு விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். பிணப் பரிசோதனையில் இரத்தக் கட்டி மூடியிருந்த வால்வை அப்படியே ஜாடியில் போட்டு வைத்தார்கள். கோளாறு வால்விலா, தையலிலா என்று மருத்துவர் குழு கூடிப் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு.

தைத்தவர் ஒரு பெண் மருத்துவர். வால்வில் குறையில்லை என்றால் அவர் இனி அறுவை அறைக்குள் கால் வைக்க முடியாது.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் இரத்தத்தைக் கண்டால் நாற்காலி தேடுகிற ஆள். ஆனால் ஒன்றில் ஒட்டினால் லேசில் விடமாட்டார். ஸ்டேஷனில் அவருக்குப் பெயரே கோந்து.

அவர் வந்த ஒரு மணி நேரத்தில் ஜாடி கிடைத்துவிட்டது. கழுவும் அறையில், வாளிகளுக்குப் பின்னால் இருந்தது.

"துப்புரவு ஆள் யாரோ தெரியாம எடுத்துக் கழுவி வெச்சிருக்காங்க. நல்ல வேளை, சேதமில்ல" என்றார் சோதனையின் தலைவர். அவரை அங்கே எல்லோரும் பெரியவர் என்பார்கள். அந்த வால்வை வடிவமைத்தவரே அவர்தான். பாதி ஆயுசை அதற்குக் கொடுத்திருந்தார்.

கோந்து ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு இதழ்களும் முழுசாக இருந்தன, கீறல்கூட இல்லை. வளையத்தைச் சுற்றிலும் நறுக்கிய பச்சை நூல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

மேலதிகாரி போனில் வந்தார். "அதான் கெடைச்சிடுச்சே. கேஸை மூடுய்யா."

"நாளைக்கு மூடறேன் சார்."

"இன்னைக்கே!"

"நாளைக்கு சார்" என்று பணிவாகச் சொல்லி வைத்துவிட்டார்.

பெண் மருத்துவர் தன் அறையில் ஒரு ரப்பர் வளையத்தில் தைத்துப் பழகிக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் அவர் கை சும்மா இருக்காது.

"தையல்ல குறை இருந்திருக்கலாம்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றாரு பெரியவரு. போட்டா ஆறு மாசத்துல திரும்பச் சேத்துக்குவாராம்."

"போட்டீங்களா?"

"கையை ஒடிச்சாலும் போடமாட்டேன்."

"ஜாடியப் பாத்தீங்களா டாக்டரம்மா?"

"கிட்டயே விடல. நான் சம்பந்தப்பட்டவளாம்."

"இது என்ன, நூலு பச்சை ஒண்ணு வெள்ளை ஒண்ணுன்னு?"

"நெருக்கி நெருக்கித் தைக்கறோம். ஒரே நிறமா இருந்தா எந்த நூலுக்கு எது ஜோடின்னு குழம்பிடும். மனுச உசுரு சார், நான் எப்பவும் மாத்தி மாத்திதான் போடுவேன்."

பெரியவர் ஆட்டுக் கொட்டகையில் இருந்தார். மனிதருக்கு வைக்கும் முன் வால்வை ஆடுகளுக்கு வைத்துப் பார்த்த இடம் அது.

"ஆடுகளுக்குத் தைச்சது யாருங்கய்யா?"

"நானேதான். வேற யாரையும் தொட விடல. திரும்ப எடுத்த வால்வெல்லாம் என் ரூம் பீரோவுல இருக்கு, சாவி என் பையை விட்டு எறங்காது."

"எதாவது ஒடைஞ்சுதா?"

"ஒண்ணுகூட இல்ல!" மகள் வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோலச் சொன்னார்.

மறுநாள் குழு கூடியது. கோந்து பெண் மருத்துவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"இவங்க வரக்கூடாது!" என்று எழுந்தார் பெரியவர்.

"கூட்டிட்டு வந்தது நான். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. டாக்டரம்மா, இது நீங்க தைச்சதா?"

அவர் குனிந்து ஒரு தடவைதான் பார்த்தார். "இல்ல. வெள்ளை நூலே காணோமே!"

"அதேதான். இதழ் ஒடைஞ்சிருக்கா இல்லையான்னே எல்லாரும் பாத்தோம், நூலைக் கவனிக்கல. இது தபால்காரரோட வால்வு இல்ல. தைச்சுத் திரும்ப எடுத்த வேற வால்வுன்னா ஆட்டோடது மட்டும்தான். ரத்தக் கட்டி இல்லையேன்னு யாராவது கேட்டா என்ன பண்றது? யாரோ கழுவிட்டாங்கன்னு சொல்லிக்கத்தான் கழுவற ரூமு. ஆட்டு வால்வு இருக்கற பீரோவுக்கு ஒரே சாவி. ஐயா, எடுத்தது நீங்க. பீரோவத் தெறங்க."

பெரியவர் பையிலிருந்து சாவியை எடுத்தார். பீரோவில் பஞ்சுக்குள் சுற்றி வைத்திருந்த வால்வில் பச்சையும் வெள்ளையுமாக நூல் இருந்தது. ஓர் இதழ் பாதியில் உடைந்திருந்தது.

"இதைத் தூக்கிப் போடாம ஏன் வெச்சிருந்தீங்க?" கோந்துவுக்கு அதுதான் புரியவில்லை.

"எங்க ஒடைஞ்சுதுன்னு பாக்காம அடுத்ததை எப்படிச் சரி பண்றது?" பெரியவர் உடைந்த இதழை விரலால் தடவினார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

பெண் மருத்துவருக்குப் பாவமாக இல்லை. "ஒடையும்னு தெரிஞ்சும் அடுத்த வாரம் அஞ்சு பேருக்கு நாள் குறிச்சிருக்கீங்களே சார்!" போனைத் தன் பக்கம் இழுத்தார். "ஏற்கெனவே பதினெட்டு பேரு இதை நெஞ்சுல வெச்சுக்கிட்டு நடமாடறாங்க. எல்லாரையும் இப்பவே கூப்பிடறேன்."

"வேண்டாம்மா. பயந்துடுவாங்க."

"பயப்படட்டும். உயிரோட இருந்து பயப்படட்டும்" என்று முதல் எண்ணை அழுத்தினார்.