முதலில் கூடை

தானியக் குழி காலியாகி இருபத்துநாலு வருஷம் ஆகிறது. அதிலிருந்து கேழ்வரகு வாசனை வந்தது, நேற்றுதான் களத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மாதிரி.

கிருஷ்ணம்மா குழிப் பக்கம் கால் எடுத்து வைக்காமல் நின்றாள். அவள் குடித்தனம் நடத்திய வீடுதான் இது. தங்கச் சுரங்கம் வந்து ஊர் காலியானதும், கம்பெனி துரை ஒருவர் இந்த ஒரு வீட்டை மட்டும் இடிக்காமல் விட்டு, இங்கே உழவர்கள் எப்படி இருந்தார்கள் என்று ஜனங்கள் பார்க்கட்டும் என ஏர், முறம், உலக்கை எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார். உயிரோடு இருக்கிறவள் வீட்டை இப்படி வேடிக்கைப் பொருளாக்குவார்களா என்று வயிறு எரிந்தது அவளுக்கு. காவல்காரன் ஏசுபாதம், நடுவீட்டுத் தானியக் குழியையும் அதில் தொங்கவிட்டிருந்த கயிற்றையும் காட்டிவிட்டுச் சுருட்டுப் பிடிக்க வெளியே போனான்.

மகள் குணசுந்தரிதான் அப்பா வாழ்ந்த வீட்டைப் பார்க்கணும் என்று அடம்பிடித்து அழைத்து வந்தவள். அப்பா காலராவில் போனதாக அவளுக்கு நினைப்பு. கிருஷ்ணம்மா அப்படித்தான் சொல்லி வளர்த்தாள்.

மூடிக் கிடந்த குழியின் காற்று ஆளைக் கொல்லும். கல்லைத் திறந்து ஒரு பகல் ஆறப்போடணும். பிறகு விளக்கை இறக்கிப் பார்த்து, அது எரிந்தால்தான் ஆள் இறங்கணும். தாது வருஷத்துப் பஞ்சத்தில், நாலு வயசுக் குணசுந்தரி பட்டினியில் துவண்டு கிடக்க, விளக்கெல்லாம் வேண்டாம், விதைத் தானியத்தை எடு என்று புருஷனை விரட்டியவள் கிருஷ்ணம்மாதான். முனியப்பன் இறங்கினான். கூடையை நிரப்பிக் கட்டினான். மூச்சு முட்டுது என்றான். இருந்தது ஒரே கயிறு. அவள் கூடையைத் தூக்கினாள். மறுபடி கயிற்றை விட்டபோது பிடிக்க ஆள் இல்லை.

இப்போது அந்தக் கயிறு அசைந்தது.

காற்றாக இருக்கும். ஆனால் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தன. கயிறு விறைத்தது.

"கிஷ்ணம்மா." அடியிலிருந்து, மெதுவாக. "மூச்சு முட்டுது. இன்னா பண்ணப் போற? மொதல்ல கூடையா, நானா?"

குணசுந்தரிக்குக் கேட்கவில்லை. அவள் உலக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கேள்விக்கு எத்தனை ராத்திரி பதில் சொல்லிப் பார்த்திருப்பாள் கிருஷ்ணம்மா!

"நீதான்யா. நீ வா."

குழியோரம் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கனத்தது. வந்தது. ஐயோ, வருகிறான். கண்ணீர் மறைக்க, இன்னும் இழுத்தாள்.

"அம்மா, பசிக்குது."

திரும்பினாள். மகளின் கன்னம் ஒட்டியிருந்தது. புடவை தோளில் நிற்காமல் நழுவியது. கழுத்தெலும்பு தெரிந்தது. ஆள் குறுகிக்கொண்டே போனாள். உலக்கை உயரம். முறத்தின் உயரம்.

அவனை முதலில் இழுத்தால், அந்தப் பஞ்ச நாளில் கூடை மேலே வரவில்லை. வீட்டில் கூழ் இல்லை. கிருஷ்ணம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

கயிற்றை விடு என்று தன் கைகளுக்குச் சொன்னாள். விட்டுவிடு.

விரல்கள் திறக்கவில்லை. குழி விளிம்பில் ஒரு கை ஏறியது. நகமெல்லாம் மண். அது அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது, ஆசையாக.

தரையில், குவிந்து கிடந்த புடவைக்குள், நாலு வயசுக் குழந்தை வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக் கிடந்தது. அவள் கைகள் இழுத்துக்கொண்டே இருந்தன.