பதிலுக்குள் பதில்

வல்பராய்ஸோ துறைமுக நகரின் குன்றில் கடற்பனி ஏறிவந்த ஒரு மாலையில்தான் மாரிசெல் தன் கணினித் திரையில் அந்த மெல்லிய கோட்டைப் பார்த்தாள். திரையில் இருந்தது, மகள் ஐலென் கடலில் மூழ்கி இறந்தபின் அவளே கட்டிய அஞ்சலிப் பக்கம். இணையப் பக்கம் கட்டுவதுதான் அவள் தொழில். தினமும் மகளுக்கு ஒரு வரி எழுதுவாள், முந்தைய வரிக்குப் பதிலாக. ஒவ்வொரு பதிலும் தனக்கு மேலுள்ள வரியைவிடச் சற்றே சிறியதாக வரும்படி அளவு வைத்திருந்தாள். பதிலுக்குள் பதில் போகப் போக எழுத்து எறும்பாகித் தேய்ந்துவிடும். ஊருக்கெல்லாம் அந்தத் தப்பைத் திருத்திக் கொடுத்தவள்தான். துக்கம் கண்ணை மறைத்தது.

கடைசி வரிக்குக் கீழே முடிபோல ஒரு கோடு. தூசி என்று துடைத்தாள். போகவில்லை.

"என்னோடதுல ஒண்ணுமே தெரியலடி," என்றாள் போனில் அக்கா நீல்டா. "ஒரு பிரவுசர் காட்டுறத இன்னொண்ணு காட்டாதுன்னு நீதான சொல்லுவ? மூடிட்டு இங்க வா. பீன்ஸ் குழம்பு அடுப்புல இருக்கு."

மூடியிருக்கலாம். பெத்த மனசு கேட்குமா?

ஐலெனுக்குப் பார்வை மங்கல். எழுத்து ஓர் அளவுக்குக் கீழே இறங்கவே கூடாது என்று தன் மடிக்கணினியின் பிரவுசரில் சொல்லி வைத்திருந்தாள். மாரிசெல் அதை மகளின் அறையிலிருந்து எடுத்து வந்தாள். விசைகளில் இன்னும் ஆரஞ்சுத் தோல் வாசனை. உள்ளே விசிறி முனக, பக்கம் மெல்ல மெல்ல விரிந்தது. தேய்ந்துபோன வரிகளெல்லாம் படிக்கிற ஒரே அளவில் இருந்தன. கோடு கிடந்த இடத்தில் எழுத்து.

'அம்மா, பதில் போடாதம்மா. நீ போடப் போட நான் சின்னதாயிட்டே போறேன்.'

அறையில் கடற்பாசி நாற்றம். மாரிசெல் அழுதுகொண்டே தன் கணினியில் அளவைத் திருத்தினாள். அவள் எழுதிய வரிகளெல்லாம் வளர்ந்தன. அந்தக் கோடு மட்டும் கோடாகவே கிடந்தது.

திரும்பினாள். மகளின் திரையில் ஈரமாக ஏதோ. பருப்பு அளவில் ஓர் உள்ளங்கை. ஐந்து விரல்கள். துடைத்தாள். வெளியே ஈரமில்லை.

உள்ளே. கை கண்ணாடியைத் தட்டியது.

"பயப்படாதடி, அம்மா இருக்கேன்."

வாய் சொன்னதை விரல்கள் அடித்துவிட்டன. பழக்கம். அனுப்பியும் விட்டன.

கண்ணாடிக்குள் அந்தக் கை கடுகாகியிருந்தது. இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.