மூளிக் காது

இன்னும் பேட்டரியே போடாத கைக்கடிகாரம், மேசைமேல் கிடந்து கிணுக் கிணுக்கென்றது.

கலைமதி அலட்சியமாகத் திரும்பிப் பார்த்தாள். அருவங்காடு ஃபேக்டரி குவாட்டர்ஸில் மத்தியானமே மஞ்சு இறங்கி, எதிர்வீடுகூடத் தெரியவில்லை. எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மாலையில் ஊட்டியில் நகைக் கண்காட்சி. தானே செய்த இந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நடுவர்கள் முன்னால் நின்றுவிட்டால், இனி அவளை எவனும் "ஃபேன்சி ஸ்டோர்க்காரி" என்று சொல்ல முடியாது. கலைஞர் என்ற பேருக்காக அவள் எதையும் அறுப்பாள். அறுத்தும் விட்டாள், மாமியார் மூக்கம்மாவின் பாம்படத்தை.

மூக்கம்மா தெற்கத்திச் சீமையிலிருந்து தேயிலை கிள்ள வந்தவள். தோள்வரை தொங்கும் காது, அதில் ஆடுகிற பாம்படம். விருந்தாளி வந்தால் கலைமதி அவளை அடுப்படியைவிட்டு வெளியே விடமாட்டாள். "காதா அது? கிழிஞ்ச கோணிச்சாக்கு. பார்த்தாலே குமட்டுது" என்பாள், கிழவிக்குக் கேட்கும்படியே. குமட்டிய அதே நகைதான் இப்போது கலையாம்! மகராசிக்கு நாக்கு எப்படிப் புரளுகிறது பாருங்கள்.

போன மாதம் கிழவி போய்ச் சேர்ந்தாள். பிணத்தின் காதிலிருந்து கலைமதி பாம்படத்தைக் கழற்றியதும், பக்கத்து வீட்டுத் தாயம்மாள் பனையோலைச் சுருள்களை நீட்டினாள்.

"மூளிக் காதோட அனுப்பக்கூடாது கண்ணு. ஓட்டைல இத வெச்சுடு. இல்லீன்னா, காதத் தேடித் திரும்பி வந்துரும்."

"எரியப்போற காதுக்கு ஓலை ஒரு கேடா?"

கலைமதி தட்டிவிட்டாள். பெற்ற மகன் முத்துவேல், பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். கீழே விழுந்த சுருள்களை மட்டும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஆம்பிளை!

கிணுக்.

கலைமதி கடிகாரத்தைக் கையில் கட்டினாள். பாம்படத்துக்குள் இருந்த அரக்கை உருக்கிக் கொட்டிவிட்டு, அந்தக் கூட்டுக்குள்தான் முள்ளும் எந்திரமும் வைத்திருந்தாள். ஆனாலும் அதிலிருந்து வேப்பெண்ணெய் வாடை கிளம்பி, கிழவி தினமும் காதுக்குத் தடவிக்கொண்ட அதே கசந்த வாடை, முழங்கை ஏறி, தோளில் தங்கி, அவள் மூச்சுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

"சனியன், செத்தும் நாறுது" என்று முணுமுணுத்தபடி கண்ணாடி முன்னால் நின்றாள்.

இடது காது கனத்தது. தோடு கழன்று தரையில் விழுந்தது. பின்னாலேயே மற்றதும் விழுந்தது. குனிந்து எடுத்தாள். மாட்டுவதற்குக் காதில் ஓட்டையைத் தேடினாள்.

விரல் நுழைந்தது. முழு விரல்.

ஐயோ! கடிகாரத்தைக் கழற்றப் பார்த்தாள். கொக்கி அசையவில்லை. பல்லால் இழுத்தாள். வரவில்லை. தலையை உதறினாள்.

கிணுக்.

சத்தம் கையிலிருந்து வரவில்லை. தோளிலிருந்து வந்தது. மஞ்சு படிந்த கண்ணாடியைத் துடைத்தாள். இரண்டு காதும் தொங்கின. தோளைத் தொட்டன. வெறும் காது. மூளிக் காது.

கதவு திறந்தது. ஷிஃப்ட் முடிந்து முத்துவேல் நின்றான். கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கால் எழவில்லை.

அவன் கண் கலங்கியது.

"ஏனுங்கம்மா... மூளிக் காதோடவே வந்துட்டீங்களா?"

நான் கலைமதி. கலைமதி. வாய் திறந்தது, குரல் வரவில்லை.

அவன் பாயை விரித்தான். அவளைத் தாங்கிப் படுக்கவைத்தான். சட்டைப்பையில் ஒரு மாதமாக வைத்திருந்த ஓலைச் சுருள்களை எடுத்து ஒவ்வொரு காதிலும் பதமாக நுழைத்தான்.

"வலிக்காதுங்கம்மா. அன்னிக்கு அவளுக்குப் பயந்துட்டுச் சும்மா நின்னுட்டேன்."

வெள்ளைத் துணியைக் கிழித்து அவள் தாடையைத் தூக்கிக் கட்டினான். திறந்திருந்த வாய் மூடிக்கொண்டது. பிறகு காலடியில் உட்கார்ந்து, அவளுடைய இரண்டு கால் கட்டைவிரல்களையும் ஒன்றாகச் சேர்த்துத் துணியைச் சுற்றினான்.

"கண்ண மூடிக்குங்கம்மா" என்றான், முடிச்சை இறுக்கியபடி. "வெறகு சொல்லியாச்சு."